மண்ணுக்கு மேலிருந்து மீத்தேன்: காவிரிப் படுகையின் நெல் வைக்கோலும் புதுப்பிக்கத்தக்க எரிவாயு உற்பத்தி வாய்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

வேளாண் எச்சங்களிலிருந்து எரிவாயு பெறும் வாய்ப்பு, பெரும்பாலும் விளையும் வைக்கோலின் மொத்த எடையைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. கால்நடைத் தீவனம், அடுத்த பயிர், மண்ணின் ஊட்டம் ஆகியவை வைக்கோலின்மீது கொண்டுள்ள உரிமைகளை அம்மதிப்பீடு கழிப்பதில்லை. காவிரிப் படுகையில் இவ்வுரிமைகளைக் கழித்துப் பார்த்தால், சம்பா வைக்கோலைவிடக் குறுவை அறுவடையின்போது மழையில் நனைந்து தீவனத் தகுதி இழக்கும் வைக்கோலே எரிவாயுவுக்கு உரிய மிச்சமாக அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பஞ்சாப், ஜெர்மனி ஆகியவற்றின் பட்டறிவு ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உயிரி எரிவாயு, நெல் வைக்கோல், குறுவை, காற்றில்லாச் செரிமானம், செரிமான எரு, காவிரிப் படுகை.

முன்னுரை

காவிரிப் படுகையில் ‘மீத்தேன்’ என்பது வேதியியல் சொல்லாக மட்டும் நிற்பதில்லை. மன்னார்குடிப் பகுதியின் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டம் பேசப்பட்ட காலத்திலிருந்து, நிலத்தையும் நிலத்தடி நீரையும் இழப்பதன் பெயராகவே உழவர்கள் அச்சொல்லைக் கேட்டு வருகின்றனர். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30-ஆம் நாள் மறைந்தது அத்திட்டத்துக்கு எதிரான பரப்புரையின்போதுதான். 2017-இல் நெடுவாசல் போராட்டம் எழுந்தது. 2020-இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, மண்டலப் பகுதிகளில் எண்ணெய், எரிவாயு ஆகியவற்றுக்கான புதிய அகழ்வுப் பணிகள் தடைசெய்யப்பட்டன.

அதே மீத்தேன் மூலக்கூறு நெற்பயிரின் தாளிலிருந்தும் கிடைக்கும். ஒன்று பல கோடி ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த கரிமம். மற்றொன்று அந்தப் பருவத்தில்தான் காற்றிலிருந்து பயிர் ஈர்த்த கரிமம். பின்னது எரிக்கப்படும்போது வளிமண்டலத்தில் புதிய கரிமம் சேர்வதில்லை என்பதாலேயே அது புதுப்பிக்கத்தக்க எரிவாயு எனப்படுகிறது. எனினும் மண்ணுக்கு மேலிருந்து எடுக்கப்படுகிறது என்பதாலேயே அது மண்ணுக்கு ஊறு செய்யாது எனக் கொள்ள இயலாது. எவ்வளவு எடுக்கலாம், எப்போது எடுக்கலாம், எடுத்ததில் எது திரும்ப வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தேவைப்படுகிறது.

செரிகலனுள் நிகழும் வேதிமாற்றம்

காற்றுப் புகாத கலனில் கரிமப் பொருளை நுண்ணுயிரிகள் படிப்படியாகச் சிதைக்கின்றன. முதலில் செல்லுலோஸ் போன்ற நீண்ட மூலக்கூறுகள் நீராற் பகுக்கப்பட்டுச் சர்க்கரைகளாகின்றன. அவை கொழுப்பு அமிலங்களாகவும், பின்னர் அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு ஆகியவையாகவும் மாறுகின்றன. இறுதியில் மீத்தேனாக்கிகள் என்னும் தொன்மையான நுண்ணுயிரிகள் இவற்றை மீத்தேனாக மாற்றுகின்றன. வெளிவரும் கலவையில் மீத்தேன் 50 முதல் 60 விழுக்காடு. எஞ்சியது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் நீராவியும் உண்டு. இவற்றை நீக்கி மீத்தேனை 90 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தி அழுத்தினால் வாகனங்களுக்கும் குழாய்வழி வழங்கலுக்கும் உரிய அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு கிடைக்கிறது. 35 முதல் 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இவ்வுயிரிகள் நன்கு இயங்குகின்றன. ஐரோப்பியக் கலன்கள் குளிர்காலத்தில் இவ்வெப்பத்துக்காக ஆற்றலைச் செலவிடுகின்றன. தஞ்சாவூரில் அச்செலவு மிகக் குறைவு.

கதர் மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையம் 1962-இல் ஏற்றுப் பரப்பிய மிதவைக் கலனும், 1984-இல் உருவான தீனபந்து நிலைக்குமிழ்க் கலனும், 1981-82-இல் தொடங்கிய தேசிய உயிரி எரிவாயு மேம்பாட்டுத் திட்டமும் சாணத்தை அடிப்படையாகக் கொண்டவை. சாணம் ஏற்கெனவே மாட்டின் இரைப்பையில் பாதி செரிக்கப்பட்டது. வேண்டிய நுண்ணுயிரிகளையும் தன்னுடன் கொண்டுவருவது. ஆகவே செங்கல் கலனும் ஒரு குடும்பத்தின் உழைப்பும் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

வைக்கோல் அத்தகையதன்று. அதன் செல்லுலோஸை லிக்னின் பொதிந்து காக்கிறது. புறத்தோலில் சிலிக்கா படிந்துள்ளது. நுண்ணுயிரிகள் உள்ளே நுழைய வேண்டுமானால் அது நறுக்கப்படவோ அரைக்கப்படவோ ஊறவைக்கப்படவோ வேண்டும். நறுக்காமல் இட்ட வைக்கோல் கலனின் மேற்பரப்பில் மிதந்து, மெத்தைபோல் இறுகி, வாயு வெளியேறும் வழியை அடைத்துவிடும். ஊர்ப்புறச் சாண எரிவாயுக் கலனில் வைக்கோலைப் போட்டுப் பார்த்தவர்கள் கைவிட்டதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

இரண்டாவது இடர்ப்பாடு நைட்ரஜன் குறைவு. செரிமானத்துக்கு உகந்த கரிம–நைட்ரஜன் விகிதம் 20 முதல் 30 வரை. ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 400 கிலோ கரிமமும் 6 கிலோ நைட்ரஜனும் இருப்பதாகக் கொண்டால் விகிதம் 67 ஆகிறது. ஒரு டன் பச்சைச் சாணத்தில் கரிமம் 80 கிலோ, நைட்ரஜன் 3.4 கிலோ எனக் கொண்டால், ஒரு டன் வைக்கோலுடன் மூன்று டன் சாணம் சேர்க்கும்போது விகிதம் 40-ஐ ஒட்டி இறங்கும்; 30-க்குக் கொண்டுவரப் பத்து டன் தேவைப்படும். லிக்னினில் உள்ள கரிமம் செரிப்பதே இல்லையாதலால் நடைமுறையில் இவ்வளவு சாணம் வேண்டியதில்லை. செரித்த குழம்பின் நீரையே மீண்டும் கலனுக்குள் செலுத்தி நைட்ரஜனைத் தக்கவைப்பதும் உண்டு. ஆயினும் மாடு குறைந்த ஊரில் வைக்கோல் ஆலை மட்டும் தனித்து நிற்பது கடினம் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

ஓர் ஏக்கரின் கணக்கு

உலர் வைக்கோல் ஒரு டன்னில் செரிக்கத்தக்க கரிமத் திண்மம் ஏறத்தாழ 700 கிலோ. கிலோவுக்கு 200 முதல் 250 லிட்டர் மீத்தேன் எனக் கொண்டால் டன்னுக்கு 140 முதல் 175 கனமீட்டர். எடையில் சுமார் 100 கிலோ. இவ்வெரிவாயுவின் வெப்ப ஆற்றல் 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளைகள் ஏழனுக்கு ஈடாகும். ஆண்டுக்கு ஏழு உருளை செலவிடும் ஒரு குடும்பத்தின் அடுப்புக்கு ஒரு டன் வைக்கோல் போதும் என இதனை எளிமையாகச் சொல்லலாம். ஆலை தன் சொந்தத் தேவைக்குச் செலவிடும் ஆற்றல் இதில் கழிக்கப்படவில்லை.

ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் எனக் கொண்டால், அதிலிருந்து இரண்டு குடும்பங்களின் ஓராண்டு எரிபொருள் கிடைக்கும். அதே இரண்டு டன், நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ உலர் தீவனம் உண்ணும் ஒரு மாட்டின் ஓராண்டு உணவும் ஆகும். வாய்ப்பைப் பற்றிய எந்த மதிப்பீடும் இவ்விரண்டு வாக்கியங்களையும் ஒருசேரச் சொல்ல வேண்டும்.

பஞ்சாபும் ஜெர்மனியும்

பஞ்சாப் மாநிலம் சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் 2022 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட வெர்பியோ நிறுவன ஆலை, நாளொன்றுக்கு 300 டன் நெல் வைக்கோலிலிருந்து 33 டன் எரிவாயு பெறும் வகையில் வடிவமைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் வைக்கோல் அதன் தேவை. நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களின் விளைவு அது. பஞ்சாபில் இது பொருந்துவதற்குக் காரணங்கள் உண்டு. அங்கு மாடுகள் பெரிதும் கோதுமை வைக்கோலையே உண்கின்றன; பாசுமதி அல்லாத நெல்லின் தாள் தீவனமாக விரும்பப்படுவதில்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் இயற்றப்பட்ட சட்டம் நெல் நடவைத் தள்ளிவைத்ததால், நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் இரண்டு மூன்று வாரங்களே எஞ்சின. அவ்விடைவெளியில் தாளை அகற்ற உழவர் கண்ட வழி தீ. எரிக்கப்படும் பொருளை எரிவாயுவாக்குவதில் யாருடைய உரிமையும் பறிபோவதில்லை.

ஜெர்மனியின் பாதை வேறு. 2000-ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டமும், ஆற்றலுக்கென வளர்க்கும் பயிர்களுக்கு ஊக்கத்தொகை அளித்த 2004-ஆம் ஆண்டுத் திருத்தமும், அந்நாட்டுக் கலன்களின் எண்ணிக்கையை ஆயிரத்தளவிலிருந்து ஒன்பதாயிரத்துக்கு மேல் உயர்த்தின. கலனுக்கு உகந்த பயிராக மக்காச்சோளம் கண்டறியப்பட்டது. ஒரு ஹெக்டேர் மக்காச்சோளம் 4,500 முதல் 5,000 கனமீட்டர் மீத்தேன் தரவல்லது. ஒரு ஹெக்டேர் நெல்லின் வைக்கோல் தருவதோ 750 கனமீட்டரளவே. ஆறு மடங்குக்கு மேற்பட்ட இவ்வேறுபாடு கவர்ச்சியானது. ஆனால் வைக்கோல் நெல்லுக்குப் பின் எஞ்சுவது. மக்காச்சோளமோ நிலம் முழுவதையும் தனக்கே கேட்பது. நிலக் குத்தகை உயர்ந்தது, புல்வெளிகள் உழப்பட்டன, இந்நிலையைக் குறிக்க ‘மக்காச்சோளமயமாதல்’ எனப் பொருள்படும் சொல்லொன்றே ஜெர்மன் மொழியில் புழக்கத்துக்கு வந்தது. 2012-இல் புதிய கலன்களில் மக்காச்சோளமும் தானியமும் எடையில் 60 விழுக்காட்டைத் தாண்டலாகாது என வரம்பு விதிக்கப்பட்டு, பின்வந்த திருத்தங்களில் அவ்வரம்பு மேலும் இறக்கப்பட்டது.

இந்தியாவில் 2018 அக்டோபர் 1-இல் தொடங்கப்பட்ட ‘சதத்’ திட்டம் 5,000 ஆலைகளையும், 2023-24-க்குள் ஆண்டுக்கு 1.5 கோடி டன் உற்பத்தியையும் இலக்காகக் கொண்டது. குறித்த ஆண்டு முடிந்தபோது அவ்விலக்கின் மிகச் சிறிய பகுதியே நிறைவேறியிருந்தது. நகர எரிவாயு வழங்கலில் உயிரி எரிவாயுவைக் கலக்கும் கட்டாயம் 2025-26-இல் ஒரு விழுக்காட்டில் தொடங்கி 2028-29-இல் ஐந்து விழுக்காடாக உயரும் என 2023-இல் அறிவிக்கப்பட்டது. தேவை உறுதிப்படும்போது மூலப்பொருளுக்கான தேடலும் விரைவுபடும். அத்தேடல் காவிரிப் படுகையை எட்டும்போது எதனை மிச்சம் எனக் காட்டுவது என்பது இப்போதே தெளிவுபட வேண்டியதாகிறது.

படுகையில் ‘மிச்சம்’ எது?

சம்பா, தாளடிப் பயிர்களின் வைக்கோல் தை, மாசி மாதங்களில் வெயிலில் காய்ந்து கிடைப்பது. தமிழ்நாட்டில் மாடுகளின் முதன்மையான உலர் தீவனம் இதுவே. கட்டுகளாகக் கட்டப்பட்டுக் கேரளப் பால்பண்ணைகளுக்கும் லாரிகளில் செல்கிறது. கோடையில் பசும்புல் கருகும் மாதங்களில் நிலமற்ற குடும்பம் ஒரு கறவை மாட்டைக் காப்பாற்றுவது இதைக் கொண்டுதான். ஆலை ஒன்று அதே வைக்கோலுக்கு விலை கூறத் தொடங்கினால் உயர்வது வைக்கோலின் விலை மட்டுமன்று, பாலின் செலவும்தான். நிலமுடையவர் பெறும் கூடுதல் வருவாயை நிலமற்றவர் தீவனச் செலவாகச் செலுத்தும் நிலை உருவாகும்.

இன்னொன்றும் உண்டு. நெல் தரிசு உளுந்து படுகைக்கே உரிய பயிர்முறை. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தோ பச்சைப்பயறோ விதைக்கப்படுகிறது. உழவும் இல்லை, பாசனமும் இல்லை. எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அது விளைகிறது. அறுவடை இயந்திரத்தின் தடத்தில் முளைகள் நசுங்குவது பழைய முறையீடு. அதன்மேல் வைக்கோலைக் கட்ட ஒரு டிராக்டரும், கட்டுகளை ஏற்ற இன்னொரு டிராக்டரும் வயலில் இறங்குமானால் உளுந்து மேலும் அழியும். கட்டுக் கட்டும் இயந்திரத்தின் வாடகையைக் கணக்கிடும் திட்ட அறிக்கையில் நசுங்கிய உளுந்தின் விலை இடம்பெற வாய்ப்பில்லை.

குறுவையின் நிலை இதற்கு நேர்மாறானது. ஜூன் மாதத்தில் தொடங்கும் குறுவை, செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. வைக்கோல் காய்வதில்லை, நனைந்து கறுத்துப் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை பிடித்த வைக்கோலை மாட்டுக்கு இடுவதும் தீங்கு. தாளடி நடவுக்கு நாள் நெருங்குவதால் அது பெரும்பாலும் சேற்றிலேயே மடக்கி உழப்படுகிறது.

உரமாகட்டும் என விட்டுவிடலாமே எனத் தோன்றலாம். இங்கு ஓர் அறிவியல் உண்மை குறுக்கிடுகிறது. நீர் தேங்கிய வயலும் காற்றில்லாச் செரிகலனே. மூடி மட்டும் இல்லை. சேற்றில் மடிந்த பச்சை வைக்கோல் அங்கேயே மீத்தேனாகி, நெற்பயிரின் தண்டுவழியே காற்றில் கலக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி, பயிருக்கு முப்பது நாளுக்குள் இட்ட வைக்கோலுக்கு 1 என்றும், அதற்கு நெடுநாள் முன்னரே இட்டதற்கு 0.29 என்றும் மாற்றுக் காரணியைத் தருகிறது. ஹெக்டேருக்கு 5 டன் உலர் வைக்கோல் எனக் கொண்டு அவ்வழிகாட்டியின் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், வைக்கோல் இடாத வயலைவிட முன்னதில் ஏறத்தாழ 2.9 மடங்கும் பின்னதில் 1.7 மடங்கும் மீத்தேன் வெளியேறும். குறுவைக்கும் தாளடிக்கும் இடைப்பட்ட நாள்கள் பெரும்பாலும் முப்பதுக்கு உட்பட்டவை. நூற்றாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும் வாயு, எவர் அடுப்பிலும் எரியாமல் இவ்வாறு வீணாகிறது.

தீவனமாகவும் ஆகாமல், அடுத்த பயிருக்கும் இடையூறாகி, வயலிலேயே மீத்தேனை உமிழும் இந்நனைந்த வைக்கோலே படுகையின் உண்மையான மிச்சம். செரிகலனுக்கு ஈரம் குறையன்று என்பது இதன் சிறப்பு. எரித்து மின்சாரம் எடுக்கும் உலைக்கும் துகள்கட்டி செய்யும் ஆலைக்கும் காய்ந்த பொருள் வேண்டும். கலனிலோ எப்படியும் நீர் சேர்க்கவே நேரும்.

சேமிப்பும் அளவும்

ஒரு மாதத்தில் வரும் பொருளை ஆண்டு முழுவதும் கலனுக்கு ஊட்ட வேண்டும். நனைந்த வைக்கோலைப் போராக அடுக்கினால் அது சூடேறி மக்கிப் பயனற்றுப் போகும். கால்நடைத் துறையினர் ‘ஊறுகாய்ப்புல்’ எனக் குறிப்பிடும் முறை இங்குக் கைகொடுக்கும்: நறுக்கி, குழியிலிட்டு, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் மூடுவது. பசுந்தீவனச் சோளத்தைப்போல் வைக்கோலில் சர்க்கரை மிகுதியாக இல்லை. புளிப்பு அமிலம் போதிய அளவு உருவாகச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகோ பசும்புல்லோ சேர்க்க வேண்டிவரும். சேறான வயலிலிருந்து எடுப்பதும் எளிதன்று. சக்கர டிராக்டர் புதையும். அறுவடைக்கு வரும் பெல்ட் வகை இயந்திரங்களைப்போன்ற ஊர்தியே வைக்கோலை எடுக்கவும் தேவைப்படும்.

நல்ல ஆண்டில் படுகையின் குறுவைப் பரப்பு ஐந்து லட்சம் ஏக்கரை ஒட்டி அமைகிறது. ஏக்கருக்கு இரண்டு டன் வீதம் பத்து லட்சம் டன். அதில் கால்பங்கே திரட்ட இயலும் எனக் கொண்டால் இரண்டரை லட்சம் டன். கிடைக்கும் எரிவாயு ஆண்டுக்கு 25,000 டன். இரண்டரை லட்சம் குடும்பங்களின் அடுப்புக்கு ஒப்பானது. லெஹ்ராகாகா அளவிலான இரண்டு அல்லது மூன்று ஆலைகளுக்கே அது போதும். பேசப்படும் பெரிய எண்களுக்கு முன் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் எந்த மாட்டின் தொட்டியிலிருந்தும் எடுக்கப்படாத அளவு இது.

இவ்வளவும் மேட்டூர் அணையைப் பொறுத்தது. ஜூன் 12 வழக்கமான திறப்பு நாள். 2022-இல் மே 24-லேயே அணை திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 28-ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. குறுவை சுருங்கும் ஆண்டில் ஆலை சம்பா வைக்கோலை நாடும். தீவனத் தட்டுப்பாடு கடுமையாக இருக்கும் ஆண்டும் அதுவே. ஆகவே பெரிய ஆலைகள் சிலவற்றைவிட, சாணம், சந்தைக் கழிவு, ஆகாயத்தாமரை ஆகியவற்றையும் ஏற்கக்கூடிய நடுத்தரக் கலன்கள் பல படுகைக்குப் பொருந்தும் எனக் கருத இடமுண்டு. சிறிய ஆலையில் வாயுவைத் தூய்மைப்படுத்தும் செலவு கிலோவுக்கு உயரும் என்பது இதற்கு எதிராக நிற்கும் வலுவான வாதம்.

மண்ணுக்குத் திரும்பும் எரு

நெல் முதிரும்போது பயிர் எடுத்த சாம்பல்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. நைட்ரஜனில் ஐந்தில் இரண்டு பங்கு தங்குகிறது. வைக்கோலின் எடையில் பொட்டாசியம் 1.2 முதல் 1.7 விழுக்காடு. மேற்கண்ட இரண்டரை லட்சம் டன்னுடன் 3,000 முதல் 4,250 டன் வரை பொட்டாசியம் வயலை விட்டு வெளியேறும். இந்தியா தன் பொட்டாஷ் உரத்தேவையை இறக்குமதியாலேயே நிறைவு செய்கிறது என்பதை இத்துடன் சேர்த்து நோக்க வேண்டும்.

செரிமானத்தில் வெளியேறுவது முதன்மையாகக் கரிமமும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமே. பொட்டாசியம், பாஸ்பரஸ், சிலிக்கா ஆகியவை அப்படியே எருக்குழம்பில் எஞ்சுகின்றன. நைட்ரஜனின் ஒரு பகுதி, பயிர் உடனே எடுக்கத்தக்க அம்மோனிய வடிவை அடைகிறது. மண்ணில் நீண்டகாலம் தங்கும் லிக்னினும் குழம்பிலேயே இருக்கிறது. எனவே எரு திரும்புமானால் மண் இழப்பது சிறிது. திரும்பாவிட்டால் அது வேறு பெயரில் நடக்கும் அகழ்வுதான்.

திரும்புதல் தானாக நிகழ்வதில்லை. லெஹ்ராகாகா ஆலைக்குள் நாளும் செல்லும் வைக்கோல் 300 டன். வெளிவருவதாகக் கணக்கிடப்பட்ட நொதித்த எரு 600 முதல் 650 டன். கொண்டுவருவதைப்போல் இரு மடங்கு எடை திரும்பிச் செல்ல வேண்டும்; அதில் பெரும்பகுதி நீர். வைக்கோலுக்கு விலை தரும் ஒப்பந்தம் எருவைத் திருப்பித் தரும் கடமையைப் பற்றிப் பேசாவிட்டால், ஆலைக்கு அருகிலுள்ள வயல்கள் தெவிட்டும் அளவு எருவைப் பெறும். தொலைவிலுள்ளவை ஆண்டுதோறும் வெறுமையாகும். குத்தகை உழவரின் நிலை இன்னும் நுட்பமானது: வைக்கோலை இந்த ஆண்டு விற்றவரும், அடுத்த ஆண்டு அந்நிலத்தில் எருவைப் பெறுபவரும் ஒருவராகவே இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே எருவின் உரிமை விற்பவரின் பெயரோடு அன்றி, வயலின் புல எண்ணோடு இணைக்கப்படுவதே முறையாகும்.

காலமும் பொருந்த வேண்டும். நவம்பர் முதல் மே வரை கலனிலிருந்து வெளிவரும் எரு, பெரும்பகுதி ஜூன் மாதக் குறுவை உழவு வரை காத்திருக்க வேண்டும். திறந்த குட்டையில் தேக்கினால் சித்திரை வெயிலில் அம்மோனியா ஆவியாகும். குழம்பில் எஞ்சிய கரிமம் மீத்தேனாகி வெளியேறும். மூடிய தொட்டி கட்டும் செலவு சிறிதன்று. ஆனால் அத்தொட்டியிலிருந்து பிடிக்கப்படும் வாயுவும் எரிவாயுவே. பிரித்தெடுத்த திண்ம எருவை உலர்த்திக் குவிக்கலாம். அம்மோனியம் நிறைந்த நீர்ப்பகுதியை, தாளடி நாற்று வேர்பிடித்த பின்னர் வாய்க்கால் நீருடன் அளவாகக் கலந்து விடலாம். அல்லது உளுந்து எடுத்த வயலில் உழவுக்கு முந்திய நாள் இட்டு உடனே மடக்கி உழலாம்.